ஆண் கடலா, பெண் கடலா? குடும்பத்தோடு ராமநாதபுரம் கரைக்குப் போகுமுன்

"ராமேஸ்வரம் போகலாம்" என்று வீட்டில் பேச்செடுத்தால் ஆச்சியின் முகம் மட்டும் மலரும். பேரப்பிள்ளைகளுக்கு அது வரிசையில் நிற்கும் ஊர். மருமகளுக்கு ஈரத்துணி மூட்டை சுமக்கும் ஊர். கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிதான். ஆனால் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் ராமநாதபுரம் மாவட்டக் கரையை மொத்தமாக எடுத்துக்கொண்டால், மூன்று தலைமுறையும் ஒரே வண்டியில் போய்ச் சண்டையில்லாமல் திரும்பக்கூடிய இடம் இது. எந்த மாதத்தில் எந்தக் கடலில் இறங்குவது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பயண ஏஜெண்டுகள் தரும் பட்டியலில் அது இருப்பதில்லை.

இந்த மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. மண்டபம் முனைக்கும் பாம்பன் தீவுக்கும் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலையும் சின்னது. மன்னார் வளைகுடா ஆழம் கூடியது. தீவுகளும் பவளப்பாறைகளும் தடுக்காத இடங்களில் அலை எழும்பி அடிக்கும். ஆனால் பெயரை நம்பி எப்போதும் வடக்கே போய்விடக் கூடாது, காற்றையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில் தெற்குக் கரை கொந்தளிக்கும்; வடக்குக் கரை நிலத்தின் மறைவில் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று எழும்பினால் எல்லாம் தலைகீழ். வடக்குக் கரை கலங்கும், கடற்புல் கரையில் குவிந்து நாறும், பெண் கடல் பேய்க் கடலாகும். அப்போது தெற்கே தெளிவாக இருக்கும். மண்டபத்துப் பக்கம் இரண்டு கடலுக்கும் நடுவே நிலம் மிகக் குறுகல். காலையில் ஒன்று சரியில்லை என்றால் காப்பி குடித்துவிட்டு மற்றதற்குப் போய்விடலாம். இந்த வசதி மகாபலிபுரத்திலோ வேளாங்கண்ணியிலோ கிடையாது.

பள்ளி விடுமுறையை இதோடு பொருத்திப் பாருங்கள். காலாண்டு விடுமுறைக்கு வந்தால் கூட்டம் குறைவு, வடக்குக் கரையில் குளிக்கலாம். ஆனால் மகாளய அமாவாசை அந்த நாட்களில் விழுகிறதா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை புயல் பருவத்தின் வால். முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பதிவு செய்வது நல்லது. கோடையில் வடக்குக் கடல் அமைதியாக இருந்தாலும் வெயிலும் புழுக்கமும் வதைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறியிருக்கும். தேதியை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமென்றால் தை அமாவாசை கழிந்த பிறகு பங்குனி பாதி வரை நல்ல காலம். வாடை தணிந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது. தனுஷ்கோடிப் பக்கத்து உப்புநீர்ப் பரப்புகளில் பூநாரைகள் நிற்பதையும் அப்போது பார்க்க வாய்ப்பு உண்டு.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு முதல் இடம் அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் உச்சிப்புளி தாண்டி வடக்கே திரும்ப வேண்டும், ராமநாதபுரம் ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ. சவுக்குத் தோப்பு நிழல், நீளமான மணல், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத தண்ணீர். பாட்டி நிழலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் கண்ணெதிரே குளிக்கலாம். குறையும் உண்டு. ஞாயிறு மாலையில் கூட்டம், குப்பை, ஸ்பீக்கர் சத்தம். வார நாள் காலை 7 மணிக்குப் போய் 10 மணிக்குள் கிளம்பிவிட்டால் இதே இடம் வேறு மாதிரி இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது சலிக்கும். அவர்களை அருகிலுள்ள பிரப்பன்வலசைக்கு அழைத்துப் போங்கள். கயாக், நின்றபடி துடுப்புப் போடும் பலகை எல்லாம் அங்கே கற்றுத் தருகிறார்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி எல்லாம் பூட்டுகிறதா, பிள்ளையின் தோளைப் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் மட்டும் மேலே வருகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். மேலே வந்தால் அளவு பெரிது; தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

அமைதியான கடலிலும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று திருக்கை. ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் வால் முள்ளால் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். மற்றது சொறி எனப்படும் ஜெல்லி மீன். பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் விஷப் பைகளை வெடிக்க வைக்கும். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியதைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள்.

தனுஷ்கோடியில் பெரும்பாலோர் நேரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊர் இது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அன்றிரவு கடலோடு போனது. 2017 வரை மணலிலும் தண்ணீரிலும் வேன் வைத்துத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. வண்டியே போவதால் முட்டிவலி உள்ளவர்களும் இரண்டு கடலும் சேருமிடத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் நிழல் என்று ஒரு மரம்கூட எதிர்பார்க்காதீர்கள். கோயில் நடை சாத்திய மதிய வேளையில் "சும்மா இருக்கிற நேரம்தானே" என்று 1 மணிக்குக் கிளம்புகிறவர்கள் மணல் அறைந்த முகத்தோடு 20 நிமிடத்தில் திரும்பி வருவார்கள். விடிந்ததும் போங்கள். மாலை என்றால் 3.30-க்குக் கிளம்புங்கள், இருட்டுமுன் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுவார்கள், தாமதமாகப் போனால் செக்போஸ்ட்டிலேயே திரும்ப வேண்டியதுதான். முனையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்தான். இரண்டு பக்க நீரோட்டமும் மோதும் இடம்; காலடி மணல் நின்றிருக்கும்போதே சரியும். கழிப்பறையை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் இலங்கை டவரைப் பிடிக்கலாம், சர்வதேச ரோமிங்கை அணைத்து வையுங்கள். குடிசைக் கடைகளில் மீன் வறுவல் நன்றாகவே இருக்கும். மீனைக் காட்டச் சொல்லி, விலை பேசி, பிறகு எண்ணெயில் போடச் சொல்லுங்கள். வறுத்த பிறகு விலை பேச முடியாது.

இனி கோயில். ஆச்சி வருவதே இதற்காகத்தான், எனவே அரைகுறையாக முடிக்க வேண்டாம். முறைப்படி முதலில் அக்னி தீர்த்தமான கடலில் முழுக்கு, பிறகு உள்ளே 22 தீர்த்தம், பிறகு உடை மாற்றி சுவாமி தரிசனம். ஈரத்துணியோடு சன்னிதிக்கு விடமாட்டார்கள். சிக்கல் என்னவென்றால், 22 கிணறும் ஓரிடத்தில் இல்லை. நனைந்த கல் தரையில் வெறுங்காலோடு பிராகாரம் பிராகாரமாக நடக்க வேண்டும். கூட்டமில்லாத நாளில் ஒரு மணி நேரம், அமாவாசையில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி ஆள் கட்டாயம் வேண்டும். வழுக்கி விழுந்தால் பயணமே ஆஸ்பத்திரியில் முடியும். வெள்ளை, மெல்லிய பருத்தி வேண்டாம். அடர்நிறச் சுடிதார் அல்லது பழைய சேலை, ஆண்களுக்கு வேட்டியைவிட அரைக்கால் சட்டை மேல் துண்டு. மாற்றுத்துணிப் பையோடு குளிக்காத ஒருவர் வெளியே காத்திருக்க வேண்டும், அவர் பிறகு தரிசனத்துக்குப் போகட்டும். போனை அறையிலேயே விட்டுவிடுங்கள். வாளி இறைப்பவர்கள் டிக்கெட்டுக்கு மேல் "தனியாகக் கூட்டிப்போகிறேன்" என்று பேரம் பேசுவது வழக்கம். கவுண்டரில் டிக்கெட் வாங்கி வரிசையில் போனாலும் அதே தண்ணீர்தான் தலையில் விழும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தீர்த்தமாட அழைத்துப் போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆறாவது கிணற்றிலேயே குளிரில் அழத் தொடங்கும். அவர்களுக்கு மூன்றாம் பிராகாரம் போதும். வரிசையாக ஓடும் 1,212 தூண்கள், நனையாத தரை, நல்ல நிழல். எண்ணச் சொல்லிவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளிக்குப் பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடம் சரியாகப் பொருந்தும். கூரை உண்டு, பிள்ளைகளுக்கும் அந்த இடம் பிடிக்கிறது.

பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிச் சொல்லப்போவது பெரும்பாலும் பாம்பன் பாலத்தைத்தான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி நடுவில் இருக்கிறது. கப்பல் வந்தால் லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும். சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி எட்டிப் பார்ப்பது ஆபத்து, நெரிசலும்கூட. அதைவிட நல்ல வழி உண்டு. காரில் வந்திருந்தாலும் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ பகல் நேரப் பாசஞ்சரில் குடும்பத்தை ஏற்றிவிட்டு, வண்டியை ராமேஸ்வரத்துக்கு ஓட்டிப் போய்விடுங்கள். செலவு சொற்பம். சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்களில் பாலம் வரும்போது பாதிக் குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். காற்று வேகம் வரம்பைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

நாள் மிச்சமிருந்தால் காரங்காடு. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையிலுள்ள மீனவ ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். கூட்டமாக ஓடி ஓடிப் பார்க்கும் இடமில்லை என்பதே இதன் அருமை. காலையில் போனால் பறவைகள், முன்பே சொல்லி வைத்தால் நண்டுச் சாப்பாடு. மன்னார் வளைகுடாப் பக்கம், பாம்பன் தீவிலுள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் வனத்துறைப் படகு உண்டு. காற்று கூடினால் விடமாட்டார்கள், அதை நம்பி ஒரு நாளையே ஒதுக்காதீர்கள். தீவானாலும் கரையானாலும் பவளத்துண்டைப் பைக்குள் போடாதீர்கள். செத்ததானாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். "மிதக்கும் கல்" என்று காட்டிக் காசு கேட்பவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

கோயில் கணக்கு இன்னும் தீராதவர்களுக்குத் திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, தேவிபட்டினத்து நவபாஷாணம் மூன்றும் ராமநாதபுரத்தைச் சுற்றி 20 கி.மீ.க்குள். உத்தரகோசமங்கை மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் வழக்கமாக மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போதுதான் பார்க்க முடியும். மற்ற நாளில் போய் ஏமாற வேண்டாம்.

எங்கே தங்குவது என்பதில் எங்கள் தீர்ப்பு கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானது. மூன்று இரவு என்றால் ஒரே ஒரு இரவு மட்டும் ராமேஸ்வரத்தில், மறுநாள் அதிகாலைத் தரிசனத்துக்காக. மற்ற இரண்டும் ராமநாதபுரத்தில். அங்கிருந்து எல்லாத் திசைக்கும் சாலை, அறை வாடகையும் விழாநாளில் ஏறிக் குதிக்காது. ராமேஸ்வரத்தில் அறை எடுக்கும்போது கோயில் எத்தனை அடி என்பதோடு மூன்று கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறையா, குளியலறைக் குழாயில் வருவது உப்புத் தண்ணீரா. மூன்றாவதற்கு மழுப்பினால் உப்புதான். கடல் குளியல், தீர்த்தம், அதன்மேல் உப்புத் தண்ணீர் என்றால் தலைமுடி கயிறாகிவிடும்.

சாப்பாட்டில் குடும்பம் இரண்டாகப் பிரியும், பிரியட்டும். கோயிலைச் சுற்றிச் சைவம்தான் அதிகம். மீனுக்குப் பாம்பன், மண்டபம், ராமநாதபுரம். முரல் இந்தக் கரையின் ருசி, ஆனால் பச்சை நிற முள் நுணுக்கமானது. பிள்ளைகளுக்குக் கணவாயோ சீலாத் துண்டோ வாங்கிக் கொடுங்கள். காரம் சொல்லிப் போடச் சொல்லுங்கள், இது முண்டு மிளகாய் விளையும் சீமை.

திரும்பும் வழியில் கீழக்கரை தொதலுக்கு ஒரு நிறுத்தம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு எண்ணெய் பிரியும் வரை கிண்டிய கறுப்பு இனிப்பு. விரலால் அழுத்தினால் எண்ணெய் கசிந்து மெதுவாகப் பழைய நிலைக்கு வர வேண்டும். அழுந்திய குழி அப்படியே நின்றால் மாவு கூடிப்போனது. வழியில் விற்கும் கருப்பட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிபோல் மினுமினுத்தால் பனையைவிடச் சர்க்கரைதான் அதில் அதிகம்.