சுங்கை சிப்புட்டில் கிசோம்பா வகுப்பு: போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். கடைவீட்டு மாடியில் ஏர்கோன் பேருக்குத்தான் ஓடுகிறது. கீழே ரொட்டி சானாய் கல்லின் சூடு வேறு மேலே ஏறுகிறது. கிசோம்பாவோ நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி ஆடும் ஆட்டம். வேர்வை நாற்றத்தோடு போய் யார் முன்னால் நிற்பது?

நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணி. வீட்டுக்காரி ஆசைப்பட்டதால் இருவரும் சேர்ந்தோம். ஞாயிறு மாலை வகுப்பு, மாதம் தலைக்கு 80 வெள்ளி.

சொல்லித்தரும் தங்கச்சி ஈப்போவிலிருந்து வருகிறார். எடுத்த எடுப்பில் பாட்டே போடவில்லை, நடக்க விட்டார். முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் தரையில் பட்டால் மட்டும் போதாது, உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலுக்குப் போய்ச் சேர வேண்டும். எடை பாதியில் நின்றால், அடுத்து எந்தக் கால் என்று எதிரே இருப்பவருக்குப் பிடிபடாது. "அண்ணே, காலை அனுப்பாதீங்க. நெஞ்சு முதல்ல போகட்டும், கால் தானா வரும்" என்பார். கையால் தள்ளித் திருப்பும் ஆண்களுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்: இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சு மட்டும் தொட நடக்க வேண்டும். முறுக்கிக்கொண்டு நின்ற லோரி ஓட்டுநர் ஒருவரே அன்றைக்கு வழிக்கு வந்துவிட்டார். இந்த ஒரு பயிற்சிக்கே கொடுத்த காசு செரித்துவிடும். பெண் பக்கவாட்டில் விலகி நடக்க வழிவிடும் 'சாயிடா' எல்லாம் இதற்கப்புறம்தான்.

"கட்டிப்பிடிச்சு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். அங்கோலாவின் லுவாண்டாவில் கல்யாண வீட்டிலும் வீட்டு முற்றத்திலும் பாட்டியோடு பேரன் ஆடுவது இது என்று வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது. அவ்வளவுதான்.

1975இல் விடுதலை பெற்ற அந்த நாட்டில், பழைய செம்பா இசையோடு கரீபியன் தீவுகளின் சூக் இசை கலந்து, 80களில் உருவானது கிசோம்பா. பாடகர் எதுவார்தோ பாயிம் அதன் முன்னோடிகளில் ஒருவர். அங்கிருந்து லிஸ்பன் போய் ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிரான்சில் வளர்ந்த 'அர்பன் கிஸ்' வேறு ரகம்: இடைவெளி விட்டு, நேர்க்கோட்டில், வெட்டி வெட்டி ஆடுவது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறவர்கள் உண்டு. இந்தத் தங்கச்சி தனித்தனியாகவே வைத்திருக்கிறார், அது பிடித்திருக்கிறது.

பிடிக்காதது பாட்டுப் பட்டியல். பாதிக்கு மேல் ரீமிக்ஸ். செம்பாவை ஒரு நாளாவது காதாரக் கேட்க வைத்தால் தாளம் சீக்கிரம் பிடிபடும். ஆண்களும் குறைவு, பெண்கள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். ஜோடி மாற்றும்போது, மாற விருப்பமில்லாத தம்பதிகளை அவர் வற்புறுத்துவதில்லை. மாறிப் பாருங்கள் என்பேன். பழகிய மனைவி என் மனசை ஊகித்தே வந்துவிடுகிறாள், புதியவரிடம்தான் என் குறை தெரிகிறது.

சப்பாத்துக்கு ரப்பர் அடி வேண்டாம், சிமெண்டுத் தரையில் திரும்பும்போது முட்டியைப் பதம் பார்த்துவிடும். வெறும் காலுறை போதும். ஐந்து மணி என்றால் ஐந்தரைக்குத்தான் தொடங்குவார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டே போகலாம்.