ஹட்டன் டவுனில் ஒரு பழைய கொமியூனிகேஷன்: இன்னும் போகலாமா?

மலையகத்து ஹட்டன் மெயின் ரோட்டில், மாடியில் இருக்கும் கொமியூனிகேஷன் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதாவது டெலிபோன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் அந்தக் காலத்தில் நாங்கள் போன கடை. பெயர் போடவில்லை. டவுனில் நாற்பது வயது தாண்டிய யாரிடமாவது முதன்முதலில் இன்டர்நெட் பார்த்தது எங்கே என்று கேளுங்கள், வழி காட்டிவிடுவார்கள். இப்போது அங்கே நடப்பது போட்டோ கொப்பி, லெமினேட்டிங், பாஸ்போர்ட் படம், ஒன்லைன் விண்ணப்பம். இதே வேலைக்கு டவுனில் கடைகள் நிறைய உண்டு. இருந்தாலும் நான் இந்தக் கடையைத்தான் சொல்லுவேன், காரணம் கொஞ்சம் நீளம்.

கவுண்டருக்குப் பின்னால் ஷோகேசில் ஒரு 56கே மொடத்தைக் கடைக்கார அண்ணன் பத்திரமாக வைத்திருக்கிறார், டெலிபோன் லைன் வழியாகக் கொம்பியூட்டரை இன்டர்நெட்டில் இணைக்கும், முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன லைட் உள்ள பெட்டி. 2000ஆம் ஆண்டு வாக்கில் கடையிலிருந்த நாலு கொம்பியூட்டருக்கும் இந்த ஒரு பெட்டிதான். ஒரு லைனைப் பல மெஷினுக்குப் பங்கு போடும் வசதி 1999இல் வந்த வின்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இருந்ததால் இது முடிந்தது. மொடம் இணையும் சத்தத்தை இரைச்சல் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. முதலில் டயல் டோன், அப்புறம் நம்பர் விழும், மறுமுனை எடுத்ததும் 2100 ஹேர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி வரும். எதிரொலியை அடக்க டெலிபோன் லைனில் வைத்திருக்கும் கருவிகளைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்வதுதான் அந்த ஒலியின் வேலை. அதற்குப் பிறகு வரும் கரகரப்பில் இரண்டு மொடமும் லைன் எவ்வளவு சுத்தம், எந்த வேகம் தாங்கும் என்று பேசி முடிக்கும், முடித்ததும் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அந்த நேரம் கடையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

பெட்டியில் 56, அதாவது செக்கனுக்கு 56 கிலோபிட், என்று போட்டிருந்தாலும் அந்த வேகம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. எங்கள் பக்கம் செம்புக் கம்பி மலை வளைவெல்லாம் சுற்றி வர வேண்டும், மழைக்காலத்தில் மூட்டுகளில் ஈரம் வேறு இறங்கிவிடும், அதனால் திரையில் 31.2 காட்டினாலே அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிடும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், அது செக்கனுக்கு நாலு கிலோபைட்கூட முழுசாக இல்லை. மூன்று எம்பி பாட்டு ஒன்றை இறக்க, மற்ற மூன்று பேரும் லைனைத் தொடாமல் இருந்தால், பதின்மூன்று நிமிஷம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கியதும் கரண்ட் பிளக்கையும் டெலிபோன் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார், அப்படிப் பிடுங்காமல் மின்னலுக்கு மொடத்தைப் பறிகொடுத்த கடைகள் இருந்தன.

தமிழ் அதைவிடப் பெரும்பாடு. பாமினி எழுத்துருவில் மெயில் அடித்தால் பெறுகிறவரிடமும் பாமினி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும். அண்ணன் அதை ஃப்ளொப்பியில் போட்டு வைத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நான் முதலில் பார்த்ததும் இங்கேதான்: எங்கெங்கோ நாடுகளில் இருக்கும் தமிழர்கள் ஒரு சதம் வாங்காமல் தட்டச்சு செய்து போட்ட திருக்குறளும் மற்ற நூல்களும். அதை வாசிக்க டிஸ்கி எழுத்துரு தனியாக வேண்டும், அதையும் இறக்கித் தந்தார். நூலகம் என்று ஒரு அலுமாரிகூட இல்லாத தோட்டத்துப் பாடசாலைக்கு அந்தப் பக்கங்களை எங்கள் மாஸ்டர் 1.44 எம்பி ஃப்ளொப்பியில் கொண்டுபோனார், அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

அப்புறம் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் அம்மாமார். 2002 வரைக்கும் வெளிநாட்டு அழைப்புகளுக்கு ஒரே ஒரு கம்பனிதான், நிமிஷத்துக்கு அவ்வளவு காசு யாரால் கொடுக்க முடியும்? மகள் மெயிலில் அனுப்பிய படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும், முடி, நெற்றி, கண் என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய அந்தத் தாய் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், பக்கத்து மெஷின்காரர்கள் தாங்களாகவே கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். படம் வரும் நேரத்துக்கு அண்ணன் காசு கணக்குப் பார்த்ததை நான் கண்டதில்லை.

சரி, இன்றைய கடைக்கு வருகிறேன். இப்போது ஃபைபர் லைன், வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனுஷன் மாறவில்லை. ஆங்கிலத்தில் இருக்கும் படிவத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, ‘சரியாம்மா, போடவா?’ என்று கேட்டுத்தான் அடிப்பார். பாஸ்வேர்டை நம்மையே அடிக்கச் சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இது சின்ன விஷயமில்லை. வேறொரு கடையில் என் சித்திக்குத் திறந்து கொடுத்த மெயிலில் கடைக்காரர் தன் போன் நம்பரையே போட்டிருந்தார், பிறகு பாஸ்வேர்டு மறந்தபோது அந்தக் கணக்கை மீட்கவே முடியவில்லை, அதில் வந்த கடிதங்களும் போயின. நெட் வேலை தெரியாத பெரியவர்களை நம்பி அனுப்ப இந்த மாதிரி ஒரு கடை டவுனில் கட்டாயம் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. படிக்கட்டு செங்குத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம், பிடித்து ஏறக் கம்பியாவது போடலாம். விலைப்பட்டியல் எங்கேயும் ஒட்டவில்லை. கலர் பிரின்ட் மங்கலாக வருகிறது, படம் எடுக்க வேறு கடைக்குப் போங்கள். மதியம் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்.

சிவனொளிபாதமலை சீசனில் வார இறுதியில் போகாதீர்கள், யாத்திரை போகிறவர்களால் டவுனே நெருக்கடியாக இருக்கும். கிழமை நாளில் காலையில் போனால் ஆறுதலாக உட்கார வைத்து வேலையை முடித்துத் தருவார்.