வயித்துக்கு ஹிப்னோதெரபி, ஏழு செஷன் போயிட்டு வந்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு ஐபிஎஸ். சொன்ன உடனே எந்த பேட்ச்னு கேக்குறாங்க. போலீஸ் இல்லங்க, வயிறு. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், குடல்ல பெருசா கோளாறு இல்லாமலே வலியும் உருட்டலும் படுத்துற பிரச்சன. ஆறு வருஷமா பஸ்ல ஏறணும்னு நெனச்சாலே உருட்டல் ஆரம்பிச்சிடும், கல்யாணத்துக்கு போனா மாப்பிள்ளைய பாக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் எங்கன்னு பாத்து வச்சிக்கிற ஆளு நான், திருநெல்வேலிக்கு போறதுன்னா ரயில் மட்டும்தான். கொலனோஸ்கோபி, தைராய்டு, ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாமே நார்மல். "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. அப்படி சொல்லி யாருக்கு டென்ஷன் குறைஞ்சிருக்கு?

கடைசியா பாத்த கேஸ்ட்ரோ டாக்டர்தான் ஹிப்னோதெரபி பண்ணி பாருங்களேன்னார். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நமக்கு தெரிஞ்ச ஹிப்னாடிசம்னா மேடையில ஒருத்தர ஏத்தி வெங்காயத்த ஆப்பிள்னு சொல்லி கடிக்க வைக்கிறதுதானே. வீட்டுல அதுக்கு மேல. "ஏங்க, தூங்க வச்சிட்டு ஏடிஎம் பின் கேட்டா சொல்லிருவீங்களா?"ன்னு என் வீட்டம்மா சீரியஸா கேக்குறா. அம்மா போன்ல, "அதுக்கு எதுக்குல ரெண்டாயிரம், ஊருக்கு வா, மந்திரிச்சு விட்டா சரியாயிரும்"னு முடிச்சிட்டாங்க.

மொதல்ல போன எடம் சரியில்ல, பேரு வேணாம். வயித்துவலின்னு சொல்லி வாய மூடல, போன ஜென்மத்துல கத்திக்குத்து பட்டிருக்கும், அந்த ஜென்மத்துக்கே ஞாபகத்த கூட்டிட்டு போற ரிக்ரெஷன் பேக்கேஜ் எடுங்கன்னாங்க. என் ரிப்போர்ட் எதையும் தொட்டுக்கூட பாக்கல. கிறக்கத்துல இருக்கும்போது சொல்றத அப்படியே ஏத்துக்குற மனசு, நடக்காத விஷயத்தையும் நடந்த மாதிரி ஞாபகம் வச்சிக்கும், ஹிப்னாடிசத்துல நெசமாவே ஆபத்தானது இதுதான். நைஸா எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டாவது எடம் அடையார் பக்கம் ஒரு மாடி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், செவுத்துல ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணதுக்கான சர்ட்டிபிகேட் மாட்டியிருந்தாங்க. மேடம் மொத செஷன் பூரா கேள்விதான் கேட்டாங்க, மலத்துல ரத்தம் போச்சா, வெயிட் குறைஞ்சுதா, காதுல யாரோ பேசுற மாதிரி கேக்குமா, இதுல ஒண்ணு இருந்தாலும் மொதல்ல டாக்டர், அப்புறம்தான் நான்னு சொல்லிட்டாங்க. அப்பவே ஒரு நம்பிக்க வந்துச்சு.

அப்புறம் விஷயத்துக்கு வந்தாங்க. இது தூக்கமே இல்லையாம். 1840கள்ல மான்செஸ்டர்ல ஜேம்ஸ் பிரெய்டுன்னு ஒரு டாக்டர், கிரேக்கத்துல தூக்கத்துக்கு உள்ள சொல்ல எடுத்து இதுக்கு பேரு வச்சிட்டார், பின்னாடி அவரே மாத்தலாம்னு பாத்தும் நடக்கல, அந்த குழப்பம் இன்னைக்கும் என் வீட்டம்மா வரைக்கும் ஓடிட்டிருக்கு. நடக்குறது என்னன்னா கவனம் ஒரே எடத்துல குவிஞ்சு மத்ததெல்லாம் பின்னாடி போயிடுது, அந்த நேரத்துல சொல்ற சொல்லு நல்லா உள்ள எறங்குது, அவ்வளவுதான். சுவாரசியமான கதை படிக்கும்போது குக்கர் விசில் காதுல விழாதே, அந்த மாதிரி. புடிக்காதத சொன்னா கண்ண தொறந்துட்டு எந்திரிச்சு போயிடலாம்.

அதே மான்செஸ்டர்ல 1984ல பீட்டர் வோர்வெல்னு ஒரு டாக்டர், மருந்துக்கு அடங்காத ஐபிஎஸ் உள்ள 30 பேர ரெண்டு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஹிப்னோதெரபியும் இன்னொண்ணுக்கு கவுன்சிலிங்கோட டம்மி மாத்திரையும் குடுத்து பாத்தார், ஹிப்னோதெரபி குரூப்புதான் பெருசா தேறுச்சு. இங்கிலாந்துல 2008ல வந்த அரசு வழிகாட்டுதல்லயும், 12 மாசம் மருந்து சாப்பிட்டும் சரியாகலன்னா இதுக்கும் அனுப்பலாம்னு போட்டுட்டாங்க. ஐபிஎஸ்காரங்க குடல்ல பெருசா கோளாறு இருக்காது, சாதாரண கேஸ் நகர்றதக்கூட மூளை வலின்னு எடுத்துக்கும், பயந்தா குடல் இன்னும் முறுக்கும், முறுக்குனா இன்னும் பயம். அந்த சக்கரத்துலதான் இவங்க கை வைக்கிறாங்க.

சரி, செஷன் எப்படின்னா, சாய்ஞ்ச நாற்காலி, செவுத்துல ஒரு புள்ளிய பாக்கணும், கண்ணு சொருகும், அப்புறம் பத்து படி எறங்குற மாதிரி எண்ணுவாங்க. மொத தடவ நான் படிய எண்ணவே இல்ல, வெளிய ஆட்டோ ஹாரன எண்ணிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ வயித்துல கைய வச்சு சூடு பரவுறத கவனிங்கன்னாங்க, அப்புறம் ஒரு ஆறு நெனச்சிக்கோங்கன்னாங்க. எனக்கு ஆறுன்னா தாமிரபரணிதான். ஐப்பசி கார்த்திகையில குறுக்குத்துறை முருகன் கோயிலையே முழுங்கிட்டு போகுமே அந்த வெள்ளம், அதுதான் வந்து நின்னுச்சு. "அதுதான் உங்க வயிறு, மெதுவா வடியட்டும், படித்துறை தெரியுற வரைக்கும்"னாங்க. நெசமா சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எந்திரிச்சப்ப பத்து நிமிஷம் ஆச்சுன்னு நெனச்சேன், முக்கா மணி நேரம் போயிருந்துச்சு.

மூணு செஷன் வரைக்கும் பெருசா ஒண்ணும் தெரியல, காசு போச்சுன்னுதான் இருந்தேன். ரெக்கார்டிங் ஒண்ணு குடுப்பாங்க, தெனம் இருபது நிமிஷம் கேக்கணும், நான் பாதி நாள் கேக்கல, அது என் தப்பு. ஒழுங்கா கேக்க ஆரம்பிச்சப்புறம் அஞ்சாவது வாரத்துல இருந்து வித்தியாசம். வாரத்துல அஞ்சு நாள் படுத்துனது இப்ப ஒண்ணு ரெண்டு நாள்தான். முழுசா போகல, கொத்து பரோட்டா இன்னும் ஆகாது.

நடுவுல ஆசப்பட்டு, அப்படியே சிகரெட்டையும் நிறுத்தி விடுங்க மேடம்னேன். அதுக்கு தெளிவான ஆதாரம் இல்ல, வேணும்னா ஒரு செஷன் பாக்கலாம், கேரண்டி கிடையாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. பாத்தோம். செஷன் முடிஞ்சு கீழ எறங்கி ஒண்ணு பத்த வச்சேன். வலி, ஆபரேஷனுக்கு முன்னாடி வர்ற பயம், பதட்டம், இதுக்கெல்லாம் நல்லா உதவும்னாங்க. 1845லயே வங்காளத்துல ஹூக்ளியில எஸ்டெய்ல்னு ஒரு டாக்டர் மயக்க மருந்து இல்லாம, ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான மெஸ்மரிசத்த வச்சே ஆபரேஷன் பண்ணியிருக்கார், குளோரோபார்ம் மயக்க மருந்தா வந்ததே 1847லதான். ஆனா எல்லாருக்கும் ஒரே அளவு ஏறாது, சிலருக்கு சட்டுனு, சிலருக்கு சுத்தமா இல்ல. என் தம்பிய ஒருநாள் கூட்டிட்டு போனேன், அவன் பூரா நேரமும் சிரிச்சிட்டே இருந்தான்.

ஒரு செஷன் 2000 ரூபா, ஏழுக்கும் கட்டுனேன், தம்பிக்கு தனி. இன்சூரன்ஸ்ல எனக்கு வரல. ரூமுக்கு சவுண்ட் ப்ரூப் இல்ல, ஹாரன் சத்தம் கேட்டுட்டேதான் இருக்கும். சனிக்கிழம ஸ்லாட்டுக்கு மூணு வாரம் காத்திருக்கணும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். போன மாசம் வேலூருக்கு பஸ்ல போயிட்டு வந்தேன், ஜன்னல் சீட்டு, வாலாஜாபேட்டை தாண்டுனப்ப லேசா உருட்டுச்சு, கைய வயித்துல வச்சிட்டு படித்துறைய நெனச்சேன், பக்கத்து சீட்டு பெரியவர் "என்ன தம்பி, சாப்பிடலையா"ன்னு ஒரு முறுக்க நீட்டினார். தின்னுட்டேன்.