தேரிக்கும் மலையடிக்கும் ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி: எதைப் பார்த்தேன், எதை எடுத்தேன்

பழைய ஃபோர் வீல் வண்டி, அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகிற வண்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் குதிரைசக்தியைக் கேட்கிறார்கள். அப்புறம் கிலோமீட்டரைக் கேட்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் ராத்தங்கலுக்குப் போகிற வண்டி என்றால் நான் முதலில் கேட்பது எடையை. இரண்டாவதாக, அது இதுவரை எந்த ஊரில் நின்றது என்று கேட்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் வேலை காற்றாலைப் பராமரிப்பு. பணகுடி, பழவூர், ராதாபுரம் என்று சுற்றுகிற வேலை. வேலைக்குக் கொடுத்த பொலிரோ கேம்பர் ஃபோர் வீலைத்தான் பல வருஷமாக ஓட்டுகிறேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைத்தது நானும் வீட்டம்மாவும் சனி ஞாயிறுகளில் கூடாரம் போட்டுத் தங்க. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். ஆக இரண்டு பேர், ஒரு கூடாரம், ஒரு அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. கணக்கு இவ்வளவுதான்.

காட்டுக்குள் போவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். அங்கே வண்டியை இறக்கி நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. தேரியிலும், அதாவது செம்மணல் மேடுகளிலும், வனத்துறைக் காப்புக்காடு இருக்கிறது. நாங்கள் தங்குவது தெரிந்தவர்களின் பட்டா நிலத்தில், கேட்டுவிட்டுத்தான். திருக்குறுங்குடிப் பக்கம் மலையடித் தோப்பு ஒன்று, திசையன்விளை தாண்டி முந்திரியும் பனையும் நிற்கிற செம்மண் தேரி ஒன்று. இந்த இரண்டுக்கும் சரிப்பட்டு வருகிற வண்டிதான் எனக்கு வேண்டும்.

மலையடியில் உருண்டைக் கல்லும் ஓடையும். அங்கே வண்டியின் அடிவயிறு உயரமாக இருக்க வேண்டும், மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு போக லோ கியர் வேண்டும். தேரி வேறு. அந்தச் சிவப்பு மணல் மாவு மாதிரி நைசாக இருக்கும். கனமான வண்டி நின்ற இடத்திலேயே குழி பறித்து இறங்கிவிடும். இன்னொன்று மானூர் தாண்டி வருகிற கரிசல். மழை பெய்த கரிசலில் சாதாரண ரோட்டு டயர் இரண்டு சுற்றுக்குள் களிமண் அப்பி வழுக்க ஆரம்பித்துவிடும். ஃபோர் வீல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அங்கே மழைக்குப் பிறகு நான் போவதே இல்லை.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

முதலில் பார்த்தது ஒரு ஸ்கார்ப்பியோ எம்-ஹாக் ஃபோர் வீல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த வண்டிதான் என்பது என் எண்ணம். உட்கார முறையான சீட், நல்ல ஏசி, 2.2 லிட்டர் டீசல், டாஷ்போர்டில் குமிழைத் திருகினால் ஃபோர் வீல். நான் பார்த்த வண்டிக்குச் சொன்ன விலை சந்தை விலையைவிட நன்றாகவே குறைவு. விலை குறைந்தால் காரணம் இருக்கும். கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. பின் சீட்டுக்குப் போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம் வழக்கமாக இழுக்கிற நீளம் வரைக்கும் பெல்ட் சுத்தம். அதற்கு அப்பால் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கறைக் கோடு. விரலால் தேய்த்தால் வண்டல் உதிர்ந்தது. அடுத்து முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட் தலையைக் காட்டினார். துரு. பின் ஹவுசிங், அதாவது பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கிற கூடு, அதன் ஆயில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தியதும் வந்தது பால் விட்ட காபி நிறத்தில்.

"தம்பி, இது வெள்ளத்துல நின்ன வண்டி. எஞ்சின் ஓடும். வயரு எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாது. வாங்க, போவோம்."

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. தாமிரபரணி ஓரத்திலும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலும் எத்தனையோ வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. அவற்றில் பல கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கும். விற்கிறவரே மூன்றாவது கையாக இருந்தால் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால் எந்த மாடல் பார்த்தாலும் சீட் பெல்ட், சீட் தண்டவாளம், தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் வயர்க் கட்டு, முன்பின் ஹவுசிங் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) ஆயில் எல்லாவற்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண கார் வாங்குகிறவர்கள் ஹவுசிங் ஆயிலைப் பார்ப்பதில்லை. ஃபோர் வீலில் அந்த ஆயில்தான் வண்டியின் ஜாதகம்.

அடுத்தது ஃபோர்ஸ் கூர்க்கா, நாகர்கோவில்காரர் ஒருவருடையது. மலையடித் தோப்பில் காய்ந்த ஓடைக்குள் இறக்கிப் பார்த்தோம். ஒரு பக்க முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் அந்தரத்தில் தொங்குகிற இடம். சாதாரண ஹவுசிங்கில் தொங்குகிற சக்கரம் சும்மா சுற்றும், தரையில் நிற்கிற சக்கரத்துக்கு விசை போகாது. கூர்க்காவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக் உண்டு. லீவரை இழுத்ததும் நான்கு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே ஏறி வந்துவிட்டது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கல்லுக்கும் ஓடைக்கும் இதற்கு நிகர் நான் ஓட்டியதில் இல்லை. ஆனால் எடை இரண்டு டன்னை ஒட்டி வருகிறது, பழைய 2.6 லிட்டர் எஞ்சினுக்கு 85 குதிரைசக்திதான். தேரி மணலில் இந்த எடையை இழுக்க நான் விரும்பவில்லை. மலைப்பக்கம் மட்டும் போகிறவர் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

பழைய மஹிந்திரா தாருக்கு நம் ஊரில் மவுசு அதிகம், அதற்கு நியாயமும் உண்டு. நான் சொல்வது 2020-ல் வந்த புதிய தார் இல்லை. அதற்கு முந்தைய சிஆர்டிஇ டீசல் மாடல், 2.5 லிட்டர், 105 குதிரைசக்தி. இதில் 2015-க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள். பின் ஹவுசிங்கில் தானாகப் பிடிக்கிற லாக் அந்த வருஷம்தான் வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு வாழை வியாபாரியிடம் அப்படி ஒன்று இருந்தது. நல்ல மனிதர். "நீங்க நினைச்ச இடத்துல ஓட்டிப் பாருங்க, நானும் கூட வாரேன்" என்று தேரி வரைக்கும் வந்தார்.

டயர் காற்றை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கினோம். லோ கியர், இரண்டாவதில் கிளப்பி, நிறுத்தாமல் போனால் நன்றாகவே போனது. ஒரு மேட்டில் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் அடியில் டக்கென்று ஒரு சத்தம், அடுத்த நொடி வண்டி முன்னால் நகர்ந்தது. அதுதான் லாக் பிடிக்கிற சத்தம். முதல் தடவை கேட்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் மேட்டு உச்சியில் நின்று மறுபடி கிளப்பியபோது ஒன்றே முக்கால் டன் எடை தன் வேலையைக் காட்டியது. ஹவுசிங் மணலில் உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டி எடுத்து நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் தோண்டி, காற்றை இன்னும் குறைத்த பிறகுதான் ஏறியது.

தாரில் கவனிக்க வேண்டியது முன்பக்க ஷாஃப்டின் ரப்பர் பூட். கிழிந்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டினால் கட்கட் என்று சத்தம் வரும். முக்கியமான இன்னொன்று: இந்த வண்டிகளில் ஃபோர் வீலைப் போட்டுத் தார் ரோட்டில் ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போகும். மண்ணில் என்றால் சக்கரம் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் சறுக்க முடியாது, விசையெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் முறுக்கும். பழைய வண்டியில் அது முனகினால் முந்தைய ஓனர் இப்படி ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

இனி ஜிப்சி. நான் எடுத்தது இதைத்தான்.

மாருதி ஜிப்சி 1985-ல் வந்த வண்டி. ராணுவமும் போலீஸும் வைத்திருந்ததால் எல்லோருக்கும் தெரியும். தேட வேண்டியது 2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எஞ்சின்) கிங் மாடல்: 1.3 லிட்டர் பெட்ரோல், 80 குதிரைசக்தி. ஏறத்தாழ ஒரு டன் எடை. தாரைவிட முக்கால் டன் குறைவு. தேரியில் அதே மேட்டில், அதே காற்றழுத்தத்தில், உச்சியில் நிறுத்தி மறுபடி கிளப்பினேன். போய்விட்டது. லாக் கிடையாது, பெரிய இழுவை கிடையாது. மணல் அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான். அப்படியே சிக்கினாலும் இரண்டு பேர் தள்ளி எடுத்துவிடலாம்.

சொகுசு கிடையாது. நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான், ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். ஏர்பேக் இல்லை. பின்னால் எதிரெதிராகப் பக்கவாட்டு சீட், அதில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து நான் கூட்டிப் போகமாட்டேன். டேங்க் 40 லிட்டர், எனக்கு லிட்டருக்குப் பத்து கிடைக்கிறது. வீட்டம்மாவை உட்காரவைத்து வள்ளியூரிலிருந்து திருக்குறுங்குடி வரைக்கும் போய் வந்தேன். "முதுகுக்கு ஒரு தலாணி வச்சுக்கிடுதேன். பாயும் சட்டியும் தண்ணிக் கேனும் வச்ச பொறவு நம்ம ரெண்டு பேரும் உக்காரலாம்லா, போதும்" என்றாள். எனக்கு அந்தத் தீர்ப்பே முடிவு.

ஜிப்சியில் எமன் துரு. அதனால்தான் எந்த ஊரில் நின்றது என்று கேட்கச் சொன்னேன். கடற்கரை ஊரில் ஒரு ஜிப்சி பார்த்தோம், வெளியே புதுப் பெயின்ட், கண்ணைப் பறித்தது. மிதியடியைத் தூக்கி டிரைவர் காலடியில் ஸ்குரு டிரைவரால் லேசாகக் குத்தினார் அண்ணாச்சி. தகடு அப்பளமாக நொறுங்கித் தரை தெரிந்தது. உவரி, தூத்துக்குடி என்று கடலும் உப்பளமும் இருக்கிற இடத்து வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்காமல் பேசாதீர்கள். பட்டை கோக்கிற கொக்கிகள், பாடி உட்காரும் இடங்கள், சேஸிஸின் பின்கோடி, இந்த மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும். என் வண்டி தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றது. தகடு முழுசாக இருந்தது. முன்சக்கரம் திரும்புகிற மூட்டில் இருக்கும் ஆயில் சீல் (நக்கிள் சீல்) இரண்டும் ஒழுகின, மாற்றினோம். லோ கியரில் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் லீவர் தானாக வெளியே தெறிக்கிறதா என்றும் பாருங்கள். தெறித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். இதில் ஃபோர் வீல் வேலை செய்ய, முன்சக்கர நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால்தான் திருக வேண்டும். மணலுக்குள் இறங்கும் முன்பே திருகிவிடுங்கள். சிக்கிய பிறகு ஹப் மணலுக்குள் இருக்கும்.

டயரில் தேதி பார்க்கத் தெரிய வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் வயசான டயரைக் காற்று இறக்கி ஓட்டினால் பக்கச்சுவர் வெடிக்கும். தேரி ஓரத்தில் உடைமுள் வேறு. பஞ்சர் கிட்டும் பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பும் கூடாரத்துக்கு முன்னால் வாங்க வேண்டியவை.

வண்டிக் கூரையில் கட்டுகிற கூடாரத்தைப் பலர் கேட்கிறார்கள். காற்றிலேயே பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று இறங்குகிற எங்கள் பக்கத்தில் அது வேண்டாம். கூடுதல் எடை உச்சியில் ஏறும், ராத்திரி முழுக்க வண்டியோடு சேர்ந்து ஆடும். வண்டியை மேற்குக்குக் குறுக்காக நிறுத்தி, கிழக்குப் பக்கம் தரையில் கூடாரம் போடுங்கள். வண்டியே சுவர்.

காகித வேலையில் இரண்டு விஷயம். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வந்திருக்கின்றன. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு மலிவா என்று பாருங்கள். பதினைந்து வருஷம் முடிந்த வண்டி என்றால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் பதிவை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்திருக்க வேண்டும். ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜிப்சி, இரண்டு மூன்று ஜீப்பைப் பிரித்துச் சேர்த்த வண்டி இவற்றில் சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு நீங்களே ஒப்பிட்டுப் படியுங்கள். கடன் இருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

வண்டி வந்ததும் எஞ்சின், கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஹவுசிங் என்று ஐந்து ஆயிலையும் மாற்றிவிட்டேன். டைமிங் பெல்ட்டும் புதுசு. வாங்குகிற விலைக்கு மேல் இந்த வேலைகளுக்கென்று ஒரு தொகையை யாராயிருந்தாலும் ஒதுக்கி வையுங்கள்.

மூன்று நான்கு பேராக, சாமான் அதிகமாக, ஏசியோடு போக வேண்டும் என்கிறவர்களுக்கு அம்பாசமுத்திரம் தாரையே சொல்வேன். நேற்று விசாரித்தேன், இன்னும் விற்கவில்லை. பூட் இரண்டும் நல்லது, ஹவுசிங் ஆயில் சுத்தம், வெள்ளத்தில் நிற்காத வண்டி. டயர் நான்கையும் மாற்ற வேண்டும், அதைச் சொல்லி விலை பேசுங்கள்.