டிஎம்எஸ்ஓ ஸ்டாக்: மேசையா, ஃப்ரிட்ஜா, ஃப்ரீசரா?

ஆய்வகத்தில் மருந்து போன்ற சேர்மங்களை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் அடர்த்தியாகக் கரைத்து, வேண்டும்போது எடுக்க வைத்திருப்பதுதான் ஸ்டாக். அதை வைக்கும் இந்த மூன்று இடங்களில் மோசமானது ஃப்ரிட்ஜ். அறை வெப்பத்துக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைத்து நானும் ரொம்ப நாள் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன்.

டிஎம்எஸ்ஓ உறைவது 18.5 டிகிரி செல்சியஸில், அதனால் 4 டிகிரியிலேயே கட்டியாகிவிடும், எடுக்கும்போதெல்லாம் உருக்கி மறுபடி உறையவிட வேண்டும். ஃப்ரீசரில் படும் அதே அவஸ்தை, ஆனால் லாபம் குறைவு. 10 டிகிரி குறைந்தால் சிதைவு வேகம் பாதியாகும் என்ற தோராயக் கணக்குப்படி, 25-லிருந்து 4-க்குப் போனால் வேகம் நாலில் ஒன்று, மைனஸ் 20-க்குப் போனால் இருபதில் ஒன்றுக்கும் கீழே. ஃப்ரிட்ஜிலும் உறையாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பாலும் அது தண்ணீர் இறங்கியதற்கான அடையாளம்.

தண்ணீர்தான் இதில் நிஜ வில்லன். டிஎம்எஸ்ஓ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், குளிர்ந்த ட்யூபை உடனே திறந்தால் மூடியோரம் வியர்த்ததும் உள்ளே போகும். ஈரம் ஏற ஏற, நீரில் கரையாத சேர்மம் அடியில் படியும். ஒருமுறை அதைக் கவனிக்காமல் மேலிருந்து பிப்பெட் பண்ணி, மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மேசையை அவ்வளவு ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. சேர்மம் எளிதில் சிதையாதது, மூடி இறுக்கம், சில நாளில் தீர்ந்துவிடும் என்றால் உறைதல் தொல்லையே இல்லாத இடம் அதுதான். வெளிச்சம் ஆகாதவற்றுக்கு மட்டும் அலுமினியத் தாள் சுற்ற வேண்டும்.

சில சேர்மங்களுக்கு இடத்தைவிடக் கரைப்பான்தான் முக்கியம். மஞ்சளின் குர்குமின் டிஎம்எஸ்ஓவில் நன்றாகத் தாங்கும், அதையே பிஎச் 7.2 பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் நீர்க்கரைசல்) 37 டிகிரியில் விட்டால் அரை மணி நேரத்தில் 90 சதவீதம் போல் காலி. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு டிஎம்எஸ்ஓவே ஆகாது, பிளாட்டினத்தோடு இருக்கும் குளோரைடைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொள்ளும். சலைனில் கரைக்க வேண்டும், அதையும் ஃப்ரிட்ஜில் வைத்தால் படிந்துவிடும்.

மற்றதற்கெல்லாம் என் ஓட்டு ஃப்ரீசருக்கு, ஆனால் 20 மைக்ரோலிட்டர் அலிக்வாட்களாக, அதாவது ஒருமுறைக்கான சிறு பங்குகளாகப் பிரித்து. அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் திறப்பேன், வோர்டெக்ஸ் பண்ணி (கருவியில் வேகமாகக் குலுக்கி), படிவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒரு பார்வை, மிச்சம் குப்பைக்கு. தானாகவே பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் மட்டும் வேண்டாம், நாம் தொடாமலே அது உள்ளே சூடாகிக் குளிர்ந்துகொண்டிருக்கும்.