எல்டிஎல், நான்-எச்டிஎல், அப்போ-பி: ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுத்துவிட்டு வருபவர்களின் கண் நேரே எல்டிஎல், அதாவது ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ வரிக்குத்தான் போகும். நூறுக்குக் கீழே என்றால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். சர்க்கரையும் வயிற்றுச் சதையும் உள்ளவர்கள் ஏமாறும் இடம் அதுதான்.

அந்த எல்டிஎல் பல லேப்களில் அளந்து வருவதில்லை, கணக்குப் போட்டு வருகிறது. 1972-இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம்: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லையும் (‘நல்ல கொலஸ்ட்ரால்’), ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு ஏற ஏற, எல்டிஎல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். 400-ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 180, எச்டிஎல் 34, டிரைகிளிசரைடு 250. சூத்திரப்படி எல்டிஎல் 96, கேட்க நிம்மதிதான். இப்போது 180-இல் 34-ஐ மட்டும் கழியுங்கள்: 146. இதுதான் நான்-எச்டிஎல். இதன் இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 கூடுதல். எல்டிஎல் இலக்கு நூறு என்றால் இங்கே 130. ஆக 16 அதிகம். எல்டிஎல் மறைத்ததை அதே தாளின் இரண்டு எண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன, கூடுதலாக ஒரு பைசா செலவில்லாமல். எல்டிஎல் மட்டுமல்ல, டிரைகிளிசரைடை ஏற்றிச் செல்லும் விஎல்டிஎல் துகள்களும் அவற்றின் எச்சங்களும் சுமக்கும் கொலஸ்ட்ராலும் இதில் அடங்கும். சாப்பிட்டபின் எடுத்தாலும் பெரிதாக மாறாது.

கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் இருக்கும் புரதமான அப்போ-பி இன்னும் ஒரு படி மேலே. குளச்சலில் ஐம்பது கிலோ சாளையைப் பெரிய கூடைகளில் அள்ளினாலும் சின்னக் கூடைகளில் அள்ளினாலும் எடை ஒன்றுதான். சின்னது என்றால் கூடை அதிகம். எல்டிஎல் சொல்வது மீனின் எடை, அப்போ-பி சொல்வது கூடையின் எண்ணிக்கை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்குவது கூடைதான். கெடுதி செய்யும் ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி இருப்பதால், எண்ணிக்கை தப்பாது. ஐரோப்பிய இதயநோய் சங்கத்தின் 2019 வழிகாட்டி, மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு அப்போ-பியை 65-க்குக் கீழும் அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 80-க்குக் கீழும் வைக்கச் சொல்கிறது. தனிச் செலவு என்பதால் எல்லாருக்கும் வேண்டாம். டிரைகிளிசரைடு கூடியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மாத்திரையால் எல்டிஎல் நன்றாகக் குறைந்தவர்கள் எடுத்தால் காசுக்கு மதிப்பு உண்டு.

தனியாக அளக்கும் இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன்-ஏ வேறு ஜாதி. பெரும்பாலும் பிறப்போடு வருவது; சாப்பாட்டை மாற்றினாலும் நடந்தாலும் அசையாது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதைக் குறைக்காது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மற்ற எண்களை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வீட்டில் சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்து வரும் விகிதம் பழைய பழக்கம். எச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை. அது குறைவாக இருப்பது எச்சரிக்கை. அதை ஏற்றுவது மட்டும் சிகிச்சை ஆகாது. தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லை ஏற்றுகிறது என்று நம் பக்கம் சமாதானம் சொல்வதுண்டு. எல்டிஎல்லையும் சேர்த்தே ஏற்றுகிறது.

எண்ணைக் கெடுப்பவை சில. முந்தின நாள் கல்யாண வீட்டில் அடைப்பிரதமன் பாயசம் இரண்டு கிளாஸ், அல்லது மது: டிரைகிளிசரைடு தூக்கும், சூத்திர எல்டிஎல் தாழும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்புக்குப் பின் சில வாரங்கள் கொலஸ்ட்ரால் குறைந்தே நிற்கும். தைராய்டு குறைந்தால் எல்டிஎல் ஏறும். மாத்திரை தொடங்குமுன் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர்களின் ரிப்போர்ட்டில் எல்டிஎல் 3.4 என்று இருந்தால் அது மில்லிமோல் கணக்கு: 38.67-ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 131. டிரைகிளிசரைடுக்கு மட்டும் 88.57-ஆல் பெருக்க வேண்டும்.