தட்டைப் பாத வலிக்கு எந்த இன்சோல்? ஜெல், உறுதியான ஆயத்த வகை, அளவெடுத்துச் செய்வது: ஓர் ஒப்பீடு

தட்டைப் பாதம் வலிக்கவில்லை என்றால் அதற்கு இன்சோல் (காலணிக்குள் வைக்கும் உள்ளட்டை) தேவையில்லை. வலி உள்ளவர்கள், கடைக்குப் போவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பார்க்க வேண்டும். அப்போது உள்பாதத்தில் வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். தோன்றாவிட்டால் இறுகிய வகையாக இருக்கலாம். எந்த இன்சோல் பொருந்தும் என்பது பிராண்டைவிட இதையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

சிங்கப்பூரின் கார்டியன், வாட்சன்ஸ் போன்ற கடைகளில் முதலில் கண்ணில் படுவது ஜெல் இன்சோல். விலை குறைவு, அணிந்தவுடன் இதமாக இருக்கும் என்பதால் பலர் இதையே வாங்குகிறார்கள். ஆனால் நெகிழ்வான தட்டைப் பாதத்தில், நிற்கும்போது பாதம் உள்பக்கமாகச் சரிவதால், உள்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கி வளைவைத் தாங்கும் தசைநார் ஓயாமல் இழுபடுகிறது. வலி பல நேரங்களில் அங்கிருந்து வருகிறது. உடல் எடை விழுந்ததும் அமுங்கிவிடும் ஜெல், அந்தச் சரிவைத் தடுப்பதில்லை. தரையின் அதிர்வைக் குறைப்பதற்கு அது போதும்; வளைவைத் தாங்குவதற்குப் போதாது.

உறுதியான ஆயத்த இன்சோலின் அடியில் கெட்டியான பிளாஸ்டிக்கோ அடர்நுரையோ இருக்கும்; குதிகால் பகுதி கிண்ணம்போல் ஆழமாக இருக்கும். வாங்கும்போது வளைவுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் தட்டையானால் அது வேண்டாம். காலணியோடு வந்த பழைய அட்டையை எடுத்துவிட்டுத்தான் இதை வைக்க வேண்டும். இல்லையேல் குதிகால் மேலெழுந்து காலணி கழலும். முதலில் நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து, பாதம் பழகிய பின் நேரத்தைக் கூட்டுவது நல்லது. நெகிழ்வான பாதம் உள்ளவர்கள், குறிப்பாக நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள், இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாத மருத்துவ நிபுணர் அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ செய்து தரும் இன்சோலுக்குத் தனியார் மருந்தகங்களில் பல நூறு வெள்ளி ஆகலாம். பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் ஆலோசனைக் கட்டணம் குறையும், ஆனால் காத்திருக்க நேரிடும். சாதாரணத் தட்டைப் பாத வலிக்கு இது ஆயத்த வகையைவிடத் தெளிவாக மேலானது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. எடுத்த எடுப்பில் இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இறுகிய பாதத்தின் நிலை வேறு. அசையாத வளைவைக் கெட்டியான இன்சோல் மேலே தள்ளும்போது வலி கூடுகிறது; அதற்குப் பாதத்தின் வடிவத்துக்கேற்ற மென்மையான தாங்கலே வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் கடையில் வாங்கிப் பரிசோதிக்கக் கூடாது, ஏனெனில் உராய்வால் உண்டாகும் புண் அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நாம் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கெட்டியான தரையில் வெறுங்காலுடன் நின்று சமைக்கிறோம். அந்த நேரத்தில் எந்த இன்சோலும் பயன் தராது. வளைவுத் தாங்கல் உள்ள வீட்டுச் செருப்பு ஒன்றையும் சேர்த்து வாங்குவதே சரி.

ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகி, உள்கணுக்கால் வீங்கி, அந்தக் காலால் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியாமல் போனால், இன்சோல் தேடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தசைநார் சேதமடைந்திருக்கக்கூடும், தாமதித்தால் நெகிழ்வான பாதம் இறுகிவிடும் அபாயம் இருக்கிறது.